ஸ்வீனோய் படகு நேரம்

கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகம்.
மாடியில் ரன்வா மட்டும்.
கீழே கட்டிய படகைக் கயிறோடு பிடித்து
உலுக்குகிறது காற்று.

மூன்று வருடமாக இந்த லினக்ஸ் சர்வர்
யார் வந்தார், எதைக் கேட்டார், எதற்குக் கைவிரித்தோம்
எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறது.
ஊமை கண்ட கனவு.

நிறுவு என்றாள். ஏதோ ஒன்று குறைகிறது என்றது.
அதைக் கொடுத்தாள். அதற்கு இன்னொன்று வேண்டுமாம்.
பிறகு, லாக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை.
பிறகு, தேதியின் வடிவம் தப்பு:
ஒரே ஒரு சதுர அடைப்புக்குறியைத் தேடியதில்
ஆறிப்போனது இரண்டாவது காப்பி.

மூன்று பத்துக்குத் திரை கண் திறந்தது.
எண்கள். ஓடும் எண்கள்.
பாதிக்குமேல் ரோபோக்கள்,
இல்லாத அறைகளின் கதவைத் தட்டிப் பார்ப்பவை.
தட்டட்டும்.

இது யார் ஆனால்?
ஒரே முகவரி, ஒரே பக்கம்:
ஸ்வீனோய் படகு நேரம்.
இரண்டு நிமிடம் கழித்து. ஏழு நிமிடம் கழித்து.
உடனே மறுபடி.
ரோபோவுக்கு இப்படிப் பதறத் தெரியாது.

பக்கத்தைத் திறந்தாள்.
காலை 6.40, புறப்படும் என்றிருந்தது.
நேற்று மாலையே ஹால்கிர்
படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்;
பக்கத்திடம் யாரும் சொல்லவில்லை.

இன்று படகு இல்லை, என்று மாற்றினாள்.
கொஞ்சம் யோசித்து
அவசரமென்றால் அழையுங்கள் என்று
தன் எண்ணையும் சேர்த்தாள்.

அந்த வரி மறுபடி வந்தது.
200. கேட்டது கிடைத்தது என்று பொருள்.
அதன்பின் வரவில்லை.

கைபேசியை எடுத்து
மேசை நடுவில் வைத்தாள்.