எடைமேடை

டோல் வேண்டாமென்று பழைய சாலையில் வந்தேன்.
கான்சிலுக்கு இருபத்து மூன்று வயது.
எண்பதைத் தாண்டினால் கதவுகள் பேச ஆரம்பிக்கும்.

தைப்பிங்கில் சாமுண்டீஸ்வரி
கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.
"தனியாவா?"
பீடோரில் ஆ மோய்
கொய்யாவைக் கட்டிக்கொடுத்தபடி மலாயில் கேட்டாள்,
அதே கேள்வி.
தஞ்சோங் மாலிம் எண்ணெய் நிலையத்தில்
முன்பின் தெரியாத பையன்கூட.
ஆமாம் தம்பி, தனியாகத்தான்.
பக்கத்து இருக்கையில் மூன்று கிலோ கொய்யா,
அதற்கும் வார் மாட்டியிருக்கிறேன், பார்.

கோலப்பிலா வளைவுகளில் மழை.
வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.
செம்பனை லோரிக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.
முந்தத் தைரியமில்லை என்பது பாதி.
சேர்வது எவ்வளவு தள்ளிப்போனாலும் சரி
என்பது மீதி.

பகாவ்.
ஈர மண், வறுத்த மீ, ஆலைப் புகை
மூன்றும் ஒரே மூச்சில்.
இருதயமேரி வீட்டில் பூட்டு.
அழைத்தால்,
"இன்னிக்கு எனக்கு ஷிப்ட். நேரா ஆலைக்கு வா.
லோரி வரிசையிலயே நில்லு, வெட்கப்படாத."

நின்றேன்.
முன்னால் பத்து டன், பின்னால் பன்னிரண்டு.
இந்தக் காருக்குச் சருகுமானின் பெயர் வைத்தவன்
இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம்.
பதினேழு வருஷம்.
கை அசைக்கவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னாள்:
"ஏத்து. மெதுவா. நிறுத்து."
சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன. 770.
"இப்ப நீ இறங்கு."
710.
"பிறை ஹாஸ்டல்ல நாப்பத்தி மூணு இருந்தவ!"
ஆலை முற்றம் முழுக்கக் கேட்டது.
லோரிக்காரர்கள் பல்லைக் காட்டினார்கள்.

கூண்டுக்குள் ஒரே நாற்காலி.
நான் ரசீதுப் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.
நெகிழிப் பையில் தே ஓ, இரண்டு உறிஞ்சுகுழல்.
கொய்யாவை அவள் கழுவாமலே கடித்தாள்,
அன்று போலவே.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு லோரி.
ஆறு பேருக்கு ஒரு அறை, ஒரு இஸ்திரிப்பெட்டி,
இரவு ஷிப்டுக்கு மாற்றி மாற்றிப் போட்ட ஒரே ஸ்வெட்டர்
என்று சொல்லிக்கொண்டே போய்
நான் வந்த காரியத்தைத் தொட்டேன்.
"மேரி, ஜெரோம் அடக்கத்துக்கு நான்..."
ஹாரன்.
அவள் எட்டிப் பார்த்து எண்ணை அடித்தாள்.
"அன்னிக்கு நான் வந்திருக்கணும், ஆனா..."
ஹாரன்.
குலையிலிருந்து உதிர்ந்தவற்றைத்
தனிச் சாக்கில் கட்டி ஒருவன் கொண்டுவந்திருந்தான்.
அதை ஏன் பிரித்து வைக்கிறான் என்றேன், வேறெதுவும் வராமல்.
"உதிரிலதான் எண்ணெய் அதிகம்" என்றாள்.
மூன்றாவது முறை வாய் திறந்தபோது
ஹாரன் இல்லை.
முற்றம் காலி.
"தெரியும்டி" என்றாள்.
"தேத்தண்ணி ஆறிப்போகுது."

ஆறியதைக் குடித்தோம்.

கிளம்பும்போது செம்படாக் ஒன்று,
சம்பல் ஒரு போத்தல்,
காலையில் அவளுக்கென்று சுட்ட தோசை நான்கு.
"மறுபடி ஏத்து, கணக்கு முடிக்கணும்."
ஏற்றினேன். 770.
செம்படாக் மட்டுமே நாலு கிலோ இருக்குமே என்றேன்.
"பத்துக் கிலோவுக்குக் கீழ
இந்த மேடைக்கு ஒண்ணும் தெரியாது" என்று
ரசீதைக் கிழித்து
ஜன்னல் வழியாக மடியில் போட்டாள்.

செகாமட் பிரியும் இடத்தில்,
சிவப்பு விளக்கில் வாசித்தேன்.
உள்ளே 770. வெளியே 770.
நிகர எடை 0.
பொருள் என்ற கட்டத்தில்
மலாயில் அடித்திருந்தாள்: உதிரி.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
செகாமட்டில் லைலா.
கதவைத் திறந்ததும்
என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள்.
வார் இப்போது செம்படாக்குக்கு.
கார் முழுக்க அதன் வாசனை,
கண்ணாடியை இறக்கினாலும் போகவில்லை.