ஆள் இருக்கு

ஐந்து நாள் ஆயிற்று என்றேன்.
தொண்ணூறு அடி ரோட்டு டாக்டர் சாவந்த்
தலை தூக்காமல் எழுதினார்:
தண்ணீர் மூன்று லிட்டர்.
கீரை, கொய்யா, தோல் நீக்காத பயறு.
வந்தால் அடக்காதே.

வந்தால் அடக்காதே!
சிரித்துவிட்டேன்.
எங்கள் சந்தில் நூற்றுப்பத்து வீடு,
பெண்களுக்கு ஆறு கதவு.
இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
ஒன்று தீபாவளியிலிருந்து அடைத்துக் கிடக்கிறது,
அதற்கும் என் நோய்தான்.

மூன்று லிட்டரைக் குடித்து
எங்கே போய் இறக்குவது டாக்டர்?
அவர் யோசித்தார்.
இசப்கோல் எழுதினார், பெரிய டப்பா.

ஆத்திரத்தை அடக்கினாலும்
மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள்.
பதினோரு வருஷமாக
இரண்டையும் அடக்கிக்கொண்டு
ஜீன்ஸுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறேன்.
பட்டறையில் எங்களுக்கென்று ஓர் இடம் கிடையாது,
அதனால் பகலில் தண்ணீர் கிடையாது.
வடாபாவ், கட்டிங் சாய்,
பசித்தால் இன்னொரு வடாபாவ்.
வயிறும் முதலாளி மாதிரி ஆகிவிட்டது:
வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறது,
கொடுக்கச் சொன்னால்
நாளைக்கு வா என்கிறது.

இப்போது மூன்றரைக்கு எழுகிறேன்,
குழாய்க்கும் முன்னால், வரிசைக்கும் முன்னால்.
ராத்திரி ஊறப்போட்ட திராட்சை பத்து,
ஊறிய தண்ணீரோடு.
இரண்டு சொம்பு வெந்நீர்.
சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
எட்டு நடை.
நாய்கள் முதலில் குரைத்தன,
பிறகு கூடவே நடந்தன.
பாவுக்குப் பதில் எதிர்வீட்டு மங்கல் தட்டும்
சோள ரொட்டி, வெந்தயக் கீரை.
பணம் வாங்க மாட்டாள்,
அவள் ரவிக்கைகளை நான் தைக்கிறேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் காற்று மட்டும்.
திராட்சை விற்றவனைத் திட்டினேன்.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை
தாழ்ப்பாள் இல்லாத கதவைப்
பட்டறை நாடாவால் கட்டிவிட்டு
அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே மழை, கூரையில் எலி.
உள்ளே ஏதோ மெல்ல
இடம் மாறுவது தெரிந்தது.

அப்போது பார்த்துக் கதவில் தட்டல்.

முதல் தட்டலுக்கே
பாதியில் எழுந்து ஓடி வந்தவள் நான்,
இத்தனை வருஷமும்.

எழவில்லை.
"ஆள் இருக்கு" என்றேன்.
தமிழில் சொன்னது போதாதோ என்று
இந்தியிலும் ஒருமுறை,
கொஞ்சம் சத்தமாக.

சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு
வெளியே நின்றவள்
வாளியைக் கீழே வைக்கும் ஓசை.