இடப்பக்கம் இழுக்கும் ஆடு

ஈசாஃப்யோர்துர் ஊரில் குளிர்காலம் வந்தால்
மலைகள் சூரியனை வாங்கி வைத்துக்கொண்டு
இரண்டு மாதம் திருப்பித் தருவதில்லை.
காலை பத்துக்கும் விளக்கெரியும் பாலர் பள்ளியில்
ஒரு ரொட்டி அளவு எந்திரம்,
முதுகில் நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள்.
முன்அம்பை நான்கு முறை அழுத்தினால்
நான்கு கட்டம் நேராகப் போகும்
என்கிறது அது வந்த அட்டைப்பெட்டி.

இது ஆடு, என்றாள் உக்லா,
தொலைந்த குட்டியைத் தேடிப் போகிறது.
இல்லை, ரோந்துக் கப்பல், என்றான் பொல்லி.
கொஞ்ச நேரம் கையும் காலும் பேசின.
பிறகு சமாதானம்:
கப்பலுக்குக் கேப்டனாகிவிட்ட ஆடு.
தலையில் தொப்பியாக ஒற்றைக் கையுறை.

இடது சக்கரத்தில் எங்கோ
கம்பளி நூல் சுற்றியிருந்தது.
நேராகப் போ என்றால்
ஆடு கோணிக்கொண்டே போய்
சுவரோர வெந்நீர்க் குழாயில் முட்டி நின்றது.

அங்கே என்ன இருக்கு?

யாருக்கும் தெரியவில்லை.
தெரியாததால் ஒரு தாள் எடுத்து வரைந்தார்கள்:
எரிமலை, அதற்குள் ஒரு பேக்கரி.
மறுபடி அழுத்த, மறுபடி கோணல்.
இன்னொரு தாள். திமிங்கிலத்தின் சமையலறை.
இன்னொன்று. குட்டியின் காலடித் தடம்,
எண்ணிப் பார்த்தால் ஆறு கால்.

ஆசிரியை ஹால்லா
கொண்டை ஊசியை உருவிக்கொண்டு குனிந்தாள்.
ஒரு நிமிஷம், நூலை எடுத்துவிடுகிறேன்.
போலந்திலிருந்து வந்து மூன்றே மாதமான போகுமில்
எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான்.
இந்த ஊர் மொழியில் அவன் கையிருப்பு
பத்துப் பதினைந்து சொல்.
அதில் ஒன்றைச் செலவழித்தான்:
வேண்டாம்.

ஊசி கூந்தலுக்குத் திரும்பியது.

இரவு தரை துடைக்க வந்த எய்விந்துர்
நல்ல மனிதர்.
படகில் இருபது வருடம் வலைச்சிக்கல் பிரித்த விரல்கள்,
சிக்கல் கண்டால் சும்மா இருக்காது.

காலையில் ஆடு நேராகப் போனது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பாயின் விளிம்பில் நின்று
டிங் என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்,
நேற்றுவரை வாடா போடா என்றவன்
வாங்க, உட்காருங்க என்றால் பார்ப்போமே
அப்படி.

உக்லா தன் ஸ்வெட்டரின் கைநுனியைப்
பல்லால் கடித்து இழுத்தாள்.
பொல்லி ஆட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான்.
போகுமில் நூலைச் சுற்றினான்.
இரண்டு சுற்று. போதவில்லை. இன்னும் ஒன்று.

பிறகு எழுந்து
தாள் எடுக்கப் போனான்.