கீழ்வரிசையில் ஓர் இடம்

பால் பல்தானே என்றார்கள்.
விழப்போகிறதுக்கு எதுக்கு வைத்தியம் என்றார்கள்.
லிஃப்ட் ஓடாத நாளில்
எட்டு மாடி மூச்சிரைக்க ஏறிவந்து சொன்னார்கள்.

மூன்று ராத்திரியாக ஷர்மிதா
கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.
சிமென்ட்டு சில்லுனு இருக்காம்.
நாலாம் நாள் கன்னம்
ஒரு பக்கம் மட்டும் பன் சாப்பிட்டது போல.

பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ்.
பஸ் எனக்கு இலவசம்,
அன்றைய கூலி இலவசமில்லை.
ஐந்து வீட்டுக்கு ஃபோன் போட்டு
ஐந்து விதமாக இருமிக் காட்டினேன்.

கோட்டை ஸ்டேஷன் பக்கம் பல் ஆஸ்பத்திரி.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
தலையைச் சுற்றித் தாடையோடு துண்டு கட்டிய ஒரு பையன்
யாரிடமும் பேசாமல்
சுவரில் வரைந்திருந்த சிரிக்கும் பல்லை
முறைத்துக்கொண்டிருந்தான்.
அந்தப் பல்லுக்குக் கையும் காலும் வேறு.

படித்துக்கொண்டிருக்கிற டாக்டர் பெண்.
சட்டைப்பையில் முத்தழகி என்று எழுதியிருந்தது.
கண்ணாடிக் குச்சியை முதலில் ஷர்மிதா கையில் கொடுத்து
என் மூக்கைப் பார்க்கச் சொன்னாள்.
அவள் சிரித்தபோது
வாய் தானாகத் திறந்தது.

"ராத்திரி பாட்டில் பால் குடுப்பீங்களாம்மா?"
இல்லை என்றேன்.
மேல்வரிசை முன்பற்களில்
ஈறோரம் ஓடிய பழுப்புக் கோடு
ஆமாம் என்றது.

இங்கே கொண்டுவந்து விட்ட புதிதில்
ஒன்றரை வயசு அவளுக்கு.
ராத்திரியெல்லாம் அழுவாள்.
பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவார்கள்.
நாலரை மணிக்கு நான் கிளம்பவேண்டும்.
இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சிலநாள் மூன்று,
கலக்கி வாயில் வைத்தால் தூங்கிவிடுவாள்.
அவள் தூங்கினாள்.
சர்க்கரை தூங்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.
ஊசி, பஞ்சு, ஒரு சின்ன நசுங்கிய சத்தம்.
அரிசி முறுக்குத் துண்டு போல
பேப்பரில் மடித்துக் கையில் கொடுத்தாள்.

அடுத்த தடவை வரும்போது
அளவு எடுத்துக் கம்பி போடணும் என்றாள்.
பல்லே இல்லை, கம்பி எதுக்கு டாக்டர்?

"புதுப்பல் வர ஒன்பது பத்து வயசாகும்மா.
அதுக்குள்ள பக்கத்துப் பல்லு சாஞ்சி
எடத்தைப் புடிச்சிக்கும்.
வரவேண்டியது வந்து பார்த்தா எடம் இருக்காது.
அதுக்காக எடத்தைக் காக்கிற கம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மாஸ்க்குக்கு மேலே அவள் கண் விழித்தது.

சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தோரம்,
நாங்கள் இருந்த இடத்துக்கும்
கம்பி போட்டிருக்கிறார்கள்.
ஆளுயரம்.
வந்தவர்கள் திரும்பிப் போகாமலிருக்க.
பஸ்ஸிலிருந்து பார்த்தால் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.
அவளிடம் ஏன் சொல்லவேண்டும்,
அவளே ஹாஸ்டல் சோற்றில் இளைத்திருந்தாள்.

"உங்க வாயையும் ஒரு தடவை காட்டுங்க" என்றாள்.
இன்னொரு நாள் டாக்டர்.

கூரைமேல் எறியணும் என்று பஸ்ஸிலேயே கேட்டுவிட்டாள்.
மொட்டைமாடிச் சாவி
சங்கத்துச் செயலாளர் வீட்டில்,
அவர் மாமனார் காரியத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார்.
தயாளன் பெயின்ட் கறைக் கையோடு வந்து
பல்லை வாங்கிப் பார்த்தான்.
இதிலேயா இவ்வளவு வலி என்றான்.
தீப்பெட்டியில் போட்டு டிவி மேல் வைத்தான்.

ராத்திரி.
பட்டாணி அளவு பேஸ்ட்,
அவள் கைக்கு மேல் என் கை.
காயத்துப் பக்கம் போகாமல்
மற்ற பல்லை ஒவ்வொன்றாக,
கடைசியில் ஒளிந்திருப்பதையும்.
பாட்டில் கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன்.
தூக்கி எறிந்தாள்.
மறுபடி கொடுத்தேன்.

பக்கத்துச் சுவரில் தட்டினார்கள்.
இந்தத் தடவை நானும் திருப்பித் தட்டினேன்.

அழுது முடித்து,
பள்ளத்தை நாக்கால் தடவிப் பார்த்து,
"இங்க யார்மா வருவாங்க?" என்றாள்.
"உன் பல்லுதான். நாலாவது படிக்கும்போது."
"அதுக்கு வழி தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு
அவள் பேஸ்டில் மிச்சத்தை என் பிரஷ்ஷில் தேய்த்தேன்.
இரண்டு பேரும் துப்பினோம்.
எட்டு மாடி இறங்குகிற குழாயில்
எங்கள் நுரை போகிற சத்தத்தை
ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.