நாற்பத்தொன்றாம் பக்கம்

தொட்டியில் இப்போது தண்ணீர் இல்லை.
நகராட்சி மண் நிரப்பி
பெகோனியா நட்டிருக்கிறது.
குதிரைகள் வாய்வைத்துத் தேய்ந்த கல்விளிம்பில்
யாரோ நசுக்கிவிட்டுப் போன சிகரெட்.

நவம்பர் முதல் ஞாயிறு தோறும்
இங்கே கூடுகிறோம்.
போன வருடம் பதினான்கு பேர்.
இன்று ஒன்பது. ஆக்ராய்டின் நாயைச் சேர்த்தால் பத்து.
சேர்க்க வேண்டும் என்பதுதானே
இந்தக் கூட்டத்தின் பேச்சே.

மழை.
யார்க்‌ஷயர் மழைக்குப்
பெய்கிறோம் என்ற நினைப்பே இருக்காது,
சும்மா நின்றுகொண்டிருக்கும்.

ஹெஸ்பா திரெல்ஃபால் தொப்பி தைத்தவள்.
இந்த மேட்டின் அடியில்தான் கடை.
கம்பளி ஆலைக்கு நிலக்கரி சுமந்த வண்டிகள்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும்.
ஒருநாள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு
வெளியே வந்து நின்றாள்.
கத்தவில்லை. சாட்டையைப் பிடுங்கவில்லை.
கணக்கு எழுதினாள்.

'செம்பழுப்பு. கழுத்துப்பட்டைக்கு அடியில் புண், பென்னி அளவு.
சாம்பல். இடக்கண்ணில் பூ. மூன்று முறை விழுந்தது.
அதே சாம்பல். தோளில் புண், அரை கிரவுன் அளவு.'

புண்ணைக் காசால் அளந்தாள்.
நீதிமன்றத்துக்குப் புரிகிற அளவு
அது ஒன்றுதான் என்று
தெரிந்திருக்க வேண்டும்.

பதினொரு வருடம்.
வாடிக்கைக்காரிகள் போனார்கள்.
பேசிவைத்திருந்த தறிக்காரன் போனான்.
ஜன்னலில் ஒருமுறை சாணம், ஒருமுறை கல்.

அதற்காக அவளைச் சிலையாக்கிவிடாதீர்கள்.
அந்தப் பதினொன்றில் ஏழு வருடம்
கொக்கிறகு செருகித்தான் தொப்பி விற்றாள்.
ஏழாம் வருடக் கடைசியில்,
குதிரையே இல்லாத ஒரு பக்கத்தில்,
இவ்வளவு மட்டும்:
'வெள்ளை. கூட்டில் குஞ்சிருக்கும்போது பிடுங்குவார்களாம்.
எத்தனை என்று எண்ணவில்லை.
நான் எண்ணவில்லை.'

நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாசிக்க
வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.
குரல் எடுப்பாக இருக்கிறதாம்.

வண்டியோட்டி ஈனாக் லம்ப்.
சாம்பல் குதிரையைச் சங்கிலியால் அடித்தது.
பதினான்கு ஷில்லிங் அபராதம்.
கட்ட வழியின்றி ஏழு நாள் சிறை.

ஈனாக் லம்ப் என் கொள்ளுத்தாத்தா.
கல்யாணங்களில் பெயர் மாறி மாறி
நான் தப்பித்துக்கொண்டேன்.
எங்கள் வீட்டில் இதே கதைக்கு வேறு தலைப்பு:
தொப்பிக்காரியால் ஐந்து பிள்ளைகள்
பட்டினி கிடந்த வாரம்.

ஒரு நடை குறைந்தால் அரைநாள் கூலி வெட்டு என்பது
நோட்டில் இல்லை.
வெட்டிய ஆலைக்காரன் பெயரும்
நோட்டில் எங்கும் இல்லை.
அது தெருமுனைப் பலகையில் இருக்கிறது,
நூலக வாசலில் பளிங்கில் இருக்கிறது.

நோட்டில் இல்லாதது இன்னொன்றும் உண்டு.
சிறையிலிருந்து வந்தவன்
பிள்ளைகளைப் பார்க்குமுன் லாயத்துக்குப் போனானாம்.
அடிக்கத்தான் என்பார்கள் சிலர், அழத்தான் என்பார்கள் சிலர்.
இரண்டு விதமாகச் சொல்பவர்களும்
அவன் கூப்பிட்ட பெயரை மட்டும்
ஒன்றாகவே சொன்னார்கள்.

இன்று வாசிக்கையில்
தாளில் இல்லாததையும் வாசித்தேன்:
'டாம்சன். சாம்பல். இடக்கண்ணில் பூ.
மூன்று முறை விழுந்தாள்.'

விழுந்தது என்று எழுதியிருந்தது.
விழுந்தாள் என்றுதான் வாயில் வந்தது.
ஒரு குடை சற்றே நிமிர்ந்தது.
யாரும் திருத்தவில்லை.

அப்போது கியர் மாற்றி உறுமிக்கொண்டு
மேடேறியது ஆட்டு லாரி. மூன்றடுக்கு.
இடுக்குகள் வழியே மூக்குகள்.
நாங்கள் பேச்சை நிறுத்தினோம்,
உண்மையைச் சொன்னால், இரைச்சலுக்காகத்தான்.
ஆக்ராய்டின் நாய் எழுந்து நின்றது.

நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
பதினேழில் லாரி
வளைவில் திரும்பிவிட்டது.

பையில் பென்சில் இருந்தது.
நனைந்த தாளில் அது ஓடவில்லை.
அழுத்தினேன்:

வெள்ளை. கறுத்த முகம்.
பதினேழு வரை.