கல் போன பிறகு

பல்வனியாஸ் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார்.
பஞ்சின் மேல் ஒரு கல்.
மிளகைவிடச் சிறியது, பழுப்பு, முள் முள்ளாக.
"பதினொரு நாள்," என்றார்.
"பெற்றவளுக்குத்தான் தெரியும் என்பார்கள்.
எனக்கும் தெரியும் இப்போது."
சிரித்தபோது ஒரு தங்கப் பல்.

நான் ரத்தம் எடுப்பவள்.
நூக்குஸ் மருத்துவமனை, இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை.
வலி என் மேசைவரை வருவதில்லை.
வலி போன பின் குழாயில் எஞ்சுவது வரும்,
லேபிள் ஒட்டி.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்.
இங்கே தண்ணீரே உப்பு.
கடல் இருந்த திசையிலிருந்து காற்றடித்தால்
கொடியில் காயும் துணியை உதற
வெள்ளையாய்க் கொட்டும்.
அவர் ஓட்டுவது தண்ணீர் லாரி.
முதுகுக்குப் பின்னால் நாலாயிரம் லிட்டர்.
வயிற்றில், விடியலில் குடித்த
இரண்டு கிண்ணம் தேநீர்.
"வாளியோடு நிற்பவள் பார்க்க
எப்படிக் குடிப்பது, தங்கச்சி?"

இயந்திரம் நாற்பது நிமிடம் முனகியது.
கிரியாட்டினின்
மார்ச்சில் 98,
ஜூனில் 117,
இன்று 139.
அழற்சிப் புரதம் 26. ஐந்துக்குள் இருக்க வேண்டியது.
மறுபடி ஓட்டினேன்.
26.

அழற்சி.
சொல்லைப் பிளந்தால் உள்ளே அழல்.
விறகை இழுத்துப் போட்டாயிற்று,
அடுப்பு அணையவில்லை.
கல் உரசிய சுவரோரம்
வெள்ளணுக்கள் இன்னும் கூடி நிற்கின்றன,
திருடன் ஓடிய பிறகும் கலையாத தெருவாக,
கையில் கம்போடு,
யாரையாவது அடித்தாக வேண்டுமென்று.
அடி வாங்குவது வீடுதான்.
நுண்ணிய வடிகட்டிகள்
ஒன்று, இன்னொன்று, தழும்பாகின்றன.
தழும்பு வடிகட்டாது.
வலிக்கவும் வலிக்காது.

கல்லாவது கத்தியது.

"கல்தான் போய்விட்டதே," என்றார் தாளைப் பார்த்து.
விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
மருத்துவர் பிபிஸாதா வியாழன்தான் வருவார்.
139-க்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.
பிறகு அதன் கீழே இன்னொன்று.
கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தீப்பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.

"எத்தனை கிண்ணம் குடிக்கணும்?"

சொல்லக் கூடாது. சொன்னேன்.
"மூன்று லிட்டர். தினமும்.
வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள்."

"மூன்று லிட்டரா," என்றார்,
"அது ஒரு குழந்தையின் குளியல்."

ஜன்னல் வழியே பார்த்தேன்.
லாரியின் பின்னால் போய் நின்றார்.
இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.
வாளியோடு யாருமில்லை.
குழாயைத் திறந்து உள்ளங்கை குவித்து
குனிந்து குடித்தார், வெகுநேரம்,
ஏதோ களவு செய்கிறவர் போல.
முழங்கை வழியே ஒழுகியது சாலைக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது
லாரி இல்லை.
ஈரம் காய்ந்திருந்தது.
அதன் விளிம்பில்
வெள்ளையாய் ஒரு கோடு.