லிட்டருக்கு எத்தனை

காரின் முன்பெட்டியில் ஈரத்தாள், சில்லறை,
ஒரு 555 நோட்டு.
பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும்
எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை வெள்ளி என்று
மூன்று பத்தி எழுதுவேன்.
நான்காவது பத்தி சும்மா கிடந்தது.
அதில் மனநிலையை எழுதத் தொடங்கினேன்.

மார்ச் ஒன்பது. பள்ளியிலிருந்து போன். கத்தினேன்.
லிட்டருக்குப் பதினொன்று.
மார்ச் பதினான்கு. பேசாத பயணிகள், காலியான சாலை.
பதினேழு.

வாடகைக் கார், ஆயிரத்து அறுநூறு சிசி.
அதன் நாள் வாடகை
எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

துவாஸிலிருந்து சாங்கிக்கு
என் மீட்டரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
எண்பதில் போனால் முப்பத்தொன்றரை நிமிடம்,
இரண்டரை லிட்டர்.
ஒரே ஒரு இரவு நூற்றுப்பத்தில் போனேன்
(சம்மன் வருமென்று இரண்டு வாரம் தபால்பெட்டியைத் திறக்கவில்லை).
இருபத்து மூன்று நிமிடம்.
கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடுதல்.
மிச்சம் பிடித்த எட்டரை நிமிடத்தின் விலை
இரண்டு தே.
அதைக் குடித்து முடிக்கவே
எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

காற்று வழிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஐம்பதில் அது
மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் போல ஒதுங்கி நிற்கிறது.
நூறைத் தொட்டால்
அதே காற்று, அதே ஆள்,
நான்கு மடங்கு பலத்தோடு மார்பில் கைவைத்துத் தள்ளுகிறார்.

சரி, மெதுவாகப் போகலாம் என்றால்
அதுவும் இல்லை.
மழை பெய்த வெள்ளிக்கிழமை மாலை, புக்கிட் தீமாவில்
இருபதில் ஊர்ந்தேன்.
லிட்டருக்கு எட்டு.
வைப்பர் மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

தம்பி குணாளனுடையது மூவாயிரம் சிசி.
ஆறு சிலிண்டர், ஆறு வாய்.
"இழுவை வேணும்க்கா" என்பான்.
எதை இழுக்க?
அவனும் ஒரு பூப்பந்து மட்டையும்
ஈஷூனிலிருந்து நகருக்குப் போய் வருகிறார்கள்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
என் கார் மிடறு மிடறாய்க் குடிக்கும்.
அவனுடையது
நின்ற இடத்திலேயே ஒரு குவளை.
உட்லண்ட்ஸைத் தாண்ட முக்கால் தொட்டி இருக்க வேண்டும்.
அவன் முக்கால்
என் முழுசை விடப் பெரிது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
மலாக்காவுக்கு எல்லோரும் அவன் காரில் போனபோது
தொண்ணூறில், ஒரே சீராக, பாட்டுக்கூடப் போடாமல் ஓட்டினான்.
லிட்டருக்குப் பதினான்கு.
"எழுது, இப்பவே எழுது" என்று
எண்ணெய் நிலையத்தில் பக்கத்திலேயே நின்றான்.
எழுதினேன். நான்காவது பத்தியில்,
'தம்பிக்கு மகிழ்ச்சி.'

ஆனால் இந்தத் தீவில்
அந்த ஆறு சிலிண்டருக்கும் நீட்டிப் படுக்க இடம் எங்கே?
கொஞ்சம் அழுத்தி மிதித்தால்
கடல்.

போன செவ்வாய் அவன் கார் சின் மிங் பட்டறையில்.
ரோஸ்லான் கியர்பெட்டியைக் கழற்றி
செய்தித்தாள் மேல் பரப்பியிருந்தார்.
வேலைக்கு நேரமாகிவிட்டது என்று
என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.
மத்திய விரைவுச்சாலையில் எண்பது.
ஒரு வேன் முந்தியது. ஒரு கோழிக்கறி விநியோக லாரிகூட
எங்களை ஒட்டியே வந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலைப் பார்த்தான், கைப்பேசியைப் பார்த்தான்,
என் முள்ளைப் பார்த்தான்.
வலது கால் மட்டும்
தரைவிரிப்பை அழுத்தியபடியே இருந்தது,
இல்லாத மிதியை,
அங் மோ கியோவிலிருந்து நகர் வரைக்கும்.

இறக்கிவிட்டு நோட்டை எடுத்தேன்.
பதினேழு புள்ளி இரண்டு.
நான்காவது பத்தியில் எழுதினேன்:
'குணா நூற்றிருபதில் வந்தான்.
செலவு ஒன்றுமில்லை.'